பினாங்கு: முதல் பயணத்துக்கு மூன்று நாள் கணக்கு

பினாங்கு பார்க்க வருகிறவர்கள் கையில் இடங்களின் பட்டியல் எப்போதும் இருக்கும். கொடிமலை, கெக் லோக் சி என்ற பௌத்தக் கோயில், சுவர் ஓவியங்கள், பத்து பெரிங்கி கடற்கரை. பட்டியலில் குறை இல்லை. போகும் நேரத்தில்தான் பயணம் கெட்டுப்போகிறது. உச்சி வெயிலில் பழைய நகரமான ஜார்ஜ் டவுனின் தெருக்களைச் சுற்றுவார்கள், சனிக்கிழமை மாலை மலை ரயிலுக்கு வரிசையில் நிற்பார்கள், மழை இறங்கும் நேரத்தில் காட்டுக்குள் இருப்பார்கள். அதே இடங்களை நேரம் பார்த்து அடுக்கினால் மூன்று நாளில் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம்.

முதலில் கடிகாரத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். மலேசிய நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. சூரியன் காலை 7 மணிக்கு மேல்தான் உதிக்கும், இரவு ஏழு, ஏழரை வாக்கில்தான் மறையும். ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டில் நிற்பீர்கள். வெளியே நடக்க ஏற்ற நேரம் காலை ஏழரை முதல் பதினொன்று வரை, பிறகு மாலை ஐந்துக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் வெப்பம் 32 டிகிரியைத் தொடும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வியர்வை உலராமல் உடம்பு சோர்ந்துவிடும். சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான வெயில்தானே என்று நினைத்து நடந்தால் இரண்டாம் நாள் கால் எழாது. ஜனவரி, பிப்ரவரி ஓரளவு வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், அதுவும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும்.

தங்குமிடம்

முதல்முறை வருகிறவர்கள் பத்து பெரிங்கியில் அறை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பினாங்கு தீவு என்றதும் நீலக் கடலை எதிர்பார்த்து அங்கே பதிவு செய்கிறார்கள். அந்தக் கடல் கலங்கலானது, சில காலங்களில் இழுதுமீன் தொல்லையும் உண்டு. நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கடலோரச் சாலை ஒடுக்கமும் வளைவுமாக இருப்பதால் மாலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பினாங்கின் செல்வம் அதன் பழைய நகரத்தில் இருக்கிறது. எனவே லெபோ சூலியா, லெபோ முந்திரி (லெபோ என்றால் தெரு), லிட்டில் இந்தியா பக்கமாகத் தங்குங்கள்.

பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருப்பார்கள். பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அறைக்கு ஜன்னல் உண்டா? மின்தூக்கி உண்டா? தெருப்பக்கத்து அறையா? கடைவீடு முகப்பில் ஒடுங்கி உள்ளே நீண்டுபோகும் கட்டடம். அதனால் நடு அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. மரப்படிகள் செங்குத்தானவை, மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. லவ் லேனில் தெருப்பக்கத்து அறை கிடைத்தால் மதுக்கடை இரைச்சலில் நள்ளிரவு வரை தூக்கம் வராது. வெளிநாட்டவர்கள் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். முன்பதிவுத் தொகையில் அது சேரவில்லை என்றால் விடுதியில் கேட்பார்கள். மின் இணைப்பு பிரிட்டிஷ் வகை மூன்று சதுர முள் செருகி, ஆகவே மாற்றுச் செருகி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்வது

இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு நடைமுறையில் உள்ளது. டிக்கெட் எடுக்கும் முன் அது நீட்டிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். விசா வேண்டாம் என்றாலும் மின்னணு வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

விமான நிலையம் பாயான் லெப்பாசில், நகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ளது. வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே பதிவிறக்கி, எண்ணைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள். மாலை ஐந்து முதல் ஏழு வரை அந்தப் பகுதித் தொழிற்சாலைகள் விடும் நேரம். அப்போது கட்டணமும் பயண நேரமும் ஏறும். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் மின்ரயிலில் பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரத்தில் வந்து, அங்கிருந்து படகேறுவது நல்லது. அந்தப் படகுகளில் ஆட்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டுமே போகலாம். கால் மணிப் பயணத்தில் நகரம் கடலிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

பணத்தை விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். லிட்டில் இந்தியாவிலும் லெபோ சூலியாவிலும் நாணய மாற்றுக் கடைகள் அடுத்தடுத்து உள்ளன. பெரும்பாலானவை தமிழ் முஸ்லிம்களின் கடைகள். தமிழிலேயே விலை கேட்கலாம். இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

முதல் நாள்: நகரம்

ஜார்ஜ் டவுன் 1786 ஆகஸ்ட் 11-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிறுவிய துறைமுகம். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்த நகரத்தைக் காலை நடையில் பார்ப்பதற்கு ஈடான வழி வேறில்லை. மொத்தமே இரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

எட்டு மணிக்கு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெருவின் வடக்கு முனையில் தொடங்குங்கள். அங்கே 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைத் தாண்டினால் குவான் யின் கோயில். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊதுவத்திப் புகை கண்ணை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்கு வெளியே நின்றே பார்க்கலாம். அடுத்தது 1833-ஆம் ஆண்டின் அருள்மிகு மகா மாரியம்மன் கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். இதன் கோபுர வாசல் லெபோ குவீன் பக்கம் இருக்கிறது. பெரிய தெருவிலிருந்து வருகிறவர்கள் பின்சுவரைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். சந்து வழியாகச் சுற்றி முன்பக்கம் போக வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே தரிசித்துவிடுங்கள்.

தெற்கே சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் தொடங்கிய இந்தப் பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீனின் பதவிப் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, வெள்ளிக்கிழமை நண்பகலில் அறவே இல்லை. உடல் மூடும் அங்கியை அங்கேயே தருவார்கள். லெபோ சூலியாவில் நாகூர் ஆண்டவருக்கு எழுப்பிய சிறிய தர்காவும் உண்டு. அதைச் சொல்லும் வழிகாட்டிகள் குறைவு. நாகூரை அறிந்தவர்கள் தவறவிடக் கூடாது.

ஒன்பது மணிக்குக் கூ கொங்சி திறக்கும்போது லெபோ கேனன் வழியாக அங்கே போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கத் தகும். கூ குலத்தவரின் இந்தக் குலக்கோயில் 1901-இல் எரிந்து, 1906-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. கூரை விளிம்பின் பீங்கான் உருவங்களைக் காலை வெளிச்சத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

சுவர் ஓவியங்களில் புகழ்பெற்றவை லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரெவிச் 2012-இல் வரைந்தவை. லெபோ ஆர்மீனியனில் சைக்கிளில் போகும் இரு குழந்தைகளின் ஓவியத்தோடு உண்மையான சைக்கிளே பொருத்தப்பட்டிருக்கும். பகலில் அங்கே படம் எடுக்க வரிசை. எட்டரைக்கு முன்பு போனால் ஆள் இருக்காது, ஆகவே ஓவியங்களே முக்கியம் என்பவர்கள் நடையை இங்கிருந்து தொடங்கி வடக்கே போகலாம். வண்ணங்கள் மங்கிவருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் பெங்காலான் வெல்ட் சாலையைக் கடந்து சியூ குலத்தவரின் படகுத்துறைக் குடியிருப்புக்குப் போகலாம். கடலுக்கு மேல் கம்புகளில் நிற்கும் வீடுகள், இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். கடல் உள்வாங்கிய நேரத்தில் சேறும் நாற்றமுமாக இருக்கும், ஏற்றத்தில்தான் அழகு. ஓத நேரத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பதினொன்றரைக்கு மேல் நிழலுக்குப் போங்கள். லெபோ கெரேஜாவில் உள்ள, மலாய்ப் பழக்கங்களை ஏற்ற சீன வம்சாவளியினரின் வாழ்வைக் காட்டும் பெரானாக்கான் மாளிகையில் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. லெபோ லேத்தில் இருக்கும் சியோங் பாட் ட்சேயின் நீல மாளிகையில் வழிகாட்டியோடு சுற்றுவதற்குக் குறித்த நேரங்கள் உண்டு. முன்பதிவு இல்லாமல் போனால் திரும்ப வேண்டியிருக்கும்.

நடக்கும்போது கடைகளின் முன்னால் உள்ள அஞ்சடி என்ற கூரையிட்ட நடைபாதை வழியாகப் போனால் வெயிலும் மழையும் படாது. ஆனால் அஞ்சடி தொடர்ச்சியாக இருக்காது. ஒரு கடைக்காரர் தளத்தை அரையடி உயர்த்தியிருப்பார், அடுத்த கடை முன்னால் மோட்டார் சைக்கிள் நிற்கும். தரையைப் பார்த்து நடக்க வேண்டும். ஈரமான ஓடுகளில் ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டி உள்ள, எளிதில் கழற்றக்கூடிய காலணியே சரி, ஏனென்றால் ஒரே காலையில் நான்கைந்து முறை கழற்ற வேண்டியிருக்கும்.

தெருப் பெயர்களில் எல்லோரும் தடுமாறுவார்கள். லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. வரைபடத்தில் மலாய்ப் பெயர் இருக்கும், பழைய ஆட்கள் ஆங்கிலப் பெயர் சொல்வார்கள்: லெபோ பந்தாய்தான் பீச் ஸ்ட்ரீட், கப்பித்தான் கெலிங் சாலைதான் பழைய பிட் ஸ்ட்ரீட். இன்னும் சிக்கல், லெபோ பினாங்கும் ஜாலான் பினாங்கும் வேறு வேறு. லிட்டில் இந்தியா இருப்பது லெபோ பினாங்கில். செண்டோல் என்ற குளிர் இனிப்புக்குப் பெயர்பெற்ற கடைகள் இருப்பது ஜாலான் பினாங்கை ஒட்டிய சந்தில். கிராப்பில் தவறாகப் பதிந்தால் நகரத்தின் மறுமுனையில் இறங்குவீர்கள். ‘காட்’ என்று தொடங்கும் பெயர், அந்தத் தெருவின் கடலோரப் பகுதியைக் குறிக்கும்.

சாப்பாடு

மாலை ஐந்துக்கு மேல் பினாங்கு சாப்பாட்டு ஊர். நாசி கண்டார் இங்கே பிறந்த உணவு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து விற்றது அதன் தொடக்கம். கடையில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள், வரிசையில் நிற்க வேண்டும். சோறு, பிறகு கறி அல்லது மீன், பிறகு வெண்டைக்காய், கோசு என்று கைகாட்டுங்கள். கடைசியில் ‘பாஞ்சீர்’ என்று சொன்னால் பல குழம்புகளைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். விலை எடுத்த பொருள்களைப் பொறுத்தது. பெரிய இறால், மீன் தலை, மீன் முட்டை மூன்றுக்கும் கைகாட்டும் முன்னே விலை கேட்டுவிடுங்கள். பில் பெரிதாகிவிட்டது என்ற புகார்கள் இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

அங்காடிக் கடைகள் சேர்ந்திருக்கும் கோப்பிக்கடையில் முதலில் மேசையைப் பிடியுங்கள், அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொரு கடையிலும் போய்ச் சொல்லி எண்ணைக் கூறுங்கள். உணவு வரும்போது பணம் கொடுக்க வேண்டும். பானம் மட்டும் இடத்துக்காரருடையது, ஆளுக்கு ஒன்றாவது வாங்குவது அங்குள்ள வழக்கம். வாங்காவிட்டால் சில இடங்களில் தனிக்கட்டணம் கேட்பார்கள். கடைகளின் வார விடுமுறை ஒன்றுபோல் இருக்காது என்பதால் ஒரே கடையை நம்பித் தொலைவு போகாதீர்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியவை சில. அசாம் லக்சா பார்க்கப் புளிக்குழம்பு நூடுல்ஸ், ஆனால் சாறே மீனில் செய்தது, மேலே இறால் விழுதும் ஊற்றுவார்கள். சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வறுக்கப்படும், முஸ்லிம்களும் கடையறிந்து வாங்க வேண்டும். வெறும் கீரைப் பொரியல் என்று கேட்டாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். லிட்டில் இந்தியாவின் வாழையிலைக் கடைகளும் சீனச் சைவ உணவகங்களும் நம்பகமானவை. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது மஞ்சள் கொடி கட்டிய கடைகள் எல்லாம் சைவம், சீனச் சமையலை அச்சமின்றிச் சுவைக்க அதுவே நல்ல காலம். செண்டோலில் பச்சைச் சேமியா, தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்புப் பயறு மட்டும்தான்.

இரண்டாம் நாள்: கொடிமலையும் கெக் லோக் சியும்

இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கமே இருப்பதால் ஒரே நாளில் முடியும். மலையை முதலில் வையுங்கள். 833 மீட்டர் உயரம், நகரத்தைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், 2011-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு இடையில் மாறாமல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறது. பெட்டியே படிக்கட்டாகச் சரிந்திருக்கும், முதியவர்களைக் கைப்பிடி உள்ள பக்கம் நிறுத்துங்கள்.

வார நாளில் எட்டு மணிக்குள் அடிவார நிலையத்தில் இருந்தால் வரிசை சிறியது, கடலும் பாலமும் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் மேகம் மலையை மூடினால் வெள்ளைப் புகையைத்தான் பார்ப்பீர்கள். நகர விளக்குகளைப் பார்க்க மாலையில் ஏறுகிறவர்கள் ஏறும் வரிசையை மட்டும் கணக்கிடுகிறார்கள். இருட்டியதும் மேலே இருக்கும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்க நிற்பார்கள், விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். வேகவரிசைச் சீட்டு விலை அதிகம். வார நாள் காலைக்கு அது தேவையில்லை. பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாட்களை முந்தைய இரவே இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

மேலே அருளொளி திருமுருகன் கோயிலும் அருகிலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. காட்டை நேசிப்பவர்களுக்குத் தனிக்கட்டணத்தில் ஹாபிடாட் என்ற 1.6 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைக்குரங்குகளை அமைதியாக நடந்தால் பார்க்கலாம். இந்த மலைக்காட்டை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

பதினொன்றரை வாக்கில் இறங்கி, கெக் லோக் சிக்கு கிராப்பில் போங்கள், நடந்தால் வெயில் வாட்டும். 1930-இல் முடிந்த ஏழு நிலைப் பகோடாவின் அடிப்பகுதி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. அதற்கும் மேலே 30.2 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை. சாய்வு மின்தூக்கிக்குச் சிறு கட்டணம். படி ஏறாமல் அதில் போய், இறங்கும்போது நடப்பது சுகம். நகரத்திலிருந்து 204-ஆம் எண் பேருந்து கொம்தார் என்ற உயர்ந்த கோபுரக் கட்டடம் வழியாக ஆயர் ஈத்தாமுக்கும் மலையடிவாரத்துக்கும் போகிறது. ரொக்கம் கொடுத்தால் மீதி கிடைக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: வடமேற்குக் கரை

101-ஆம் எண் பேருந்து படகுத்துறையிலிருந்து பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங் வரை போகும். அங்கே சாலை முடியும் இடத்தில் பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, பெயர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். கெராச்சுட் கடற்கரைக்கு ஒரு சிறு மலையைக் கடந்து ஒன்றரை மணி நேர நடை. அங்கே ஆமைக் காப்பகமும், மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் நிற்கும் ஏரியும் உள்ளன. வறண்ட மாதங்களில் ஏரி வற்றிப் புல்வெளியாகத் தெரியும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும், வழியில் கடை கிடையாது. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் குரங்கு பறிக்கும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போடுங்கள். இழுப்பும் இழுதுமீனும் இருப்பதால் அங்கே கடலில் இறங்க வேண்டாம்.

திரும்பப் படகு அமர்த்தலாம். விலை தலைக்கு இல்லை, படகுக்கு. வாசலிலேயே வேறு இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, வாடகையையும் வந்து ஏற்றும் நேரத்தையும் உறுதி செய்தபின் நடக்கத் தொடங்குங்கள். அலை கடுமையானால் படகு வராது. நடந்தே திரும்பும் தெம்பும் நேரமும் கையில் இருக்க வேண்டும், எனவே எட்டரைக்குள் உள்ளே போய்விடுங்கள். சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் பூங்காவை விட்டுவிட்டு தெலுக் பகாங்கிலேயே உள்ள என்டோபியா வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குப் போகலாம், பெரும்பகுதி நிழல்.

பாம்புக் கோயில் விமான நிலையச் சாலையில் இருப்பதால் ஊர் திரும்பும் நாளில் எட்டிப் பார்க்கலாம். பாம்புகள் அசையாமல் கிடந்தாலும் நஞ்சுள்ள விரியன்கள், தொடக் கூடாது. கொம்தார் உச்சிக்குப் பணம் செலவழிப்பதைவிட மலையில் செலவழிப்பது மேல்.

தைப்பூசத்தில் வந்தால்

ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதலில் வரும் தைப்பூசத்தோடு பயணத்தைச் சேர்த்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் அதிகாலையிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலிருந்து புறப்பட்டு, தண்ணீர்மலைச் சாலையில் உள்ள அவர்கள் கோயிலுக்குப் போகும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு, அது லெபோ குவீன் மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறது. வழியெங்கும் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள். சிதறும் ஓடு கணுக்காலைக் கிழிக்கும், அன்றைக்கு மூடிய காலணி போட்டுக்கொண்டு, உடைப்பவருக்குப் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். மலைக்கோயிலுக்கு 513 படிகள். தைப்பூச நாளில் காவடிகளோடு ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும், முதியவர்களை மறுநாள் காலை கூட்டிப் போகலாம். தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பாடும் மோரும் கிடைக்கும், பசியோடு அலைய வேண்டியதில்லை. விடுதிகளைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். கோயில் பக்கச் சாலைகள் மூடப்படுவதால் கிராப் உள்ளே வராது. போகவும் வரவும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பதற்குத் தயாராக, லெபோ பினாங்குக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை எடுப்பது நல்லது.